வரப்போரம் நின்ற அந்தோணியம்மாள்

உப்பளத்தில் பாத்தி மிதிக்கும்போது ரெண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் நடப்பார்கள். ஒருத்தி வரப்போரமாக, இன்னொருத்தி உள்பக்கமாக. உள்பக்கம் வெறும் களிமண், காலுக்கு மெத்தென்று இருக்கும். வரப்போரம் அப்படி இல்லை. கால்வாய்த் தண்ணியோடு வந்து ஒதுங்குகிற கிளிஞ்சல், உடைந்த சிப்பி, சில நேரம் யாரோ குடித்துவிட்டு எறிந்த பாட்டில் துண்டு, எல்லாம் அங்கேதான் புதைந்து கிடக்கும். அந்தோணியம்மாள் எப்போதும் வரப்போரமாகவே நிற்பாள்.

அவளோடு ஜோடி சேர்ந்து மிதித்தவள் பாக்கியலட்சுமி. பெருமுக்கல் பக்கத்திலிருந்து காலையில் முதல் பஸ் பிடித்து மரக்காணத்துக்கு வேலைக்கு வருகிறவள். அந்தோணியம்மாளைவிடப் பத்து வயசாவது சின்னவள். வரப்போரம் நின்றால் காற்று வரும், வெத்தலை போட வேண்டுமென்றால் டக்கென்று வரப்பில் ஏறி உட்காரலாம், அதனால்தான் அக்கா அந்தப் பக்கத்தைப் பிடித்துக்கொண்டாள் என்று அவள் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தாள். கொஞ்சம் பொறாமைகூட உண்டு.

ஒரு தடவை அந்தோணியம்மாள் சொந்தக்காரர் வீட்டு ஞானஸ்நானத்துக்குப் போய்விட்டாள். அன்றைக்குப் பாக்கியத்தை வரப்போரம் நிறுத்தினார்கள். வீட்டுக்குப் போய் உட்கார்ந்து, உள்ளங்காலில் இருந்த சிப்பிச் சில்லுகளை ஊசியால் நெம்பி எடுத்தபோதுதான் அவளுக்கு விஷயம் விளங்கியது. மறுநாள் கேட்டாள். "எனக்கு அந்தப் பக்கம்தான் பழக்கம்" என்று சொல்லிவிட்டு அந்தோணியம்மாள் வரப்போரம் போய் நின்றாள். அதோடு பேச்சு முடிந்தது. அவள் இடது காலில் சுண்டு விரல் இல்லை. முன்னே ஒரு வருசம் சிப்பி கிழித்து, சர்க்கரை வியாதியால் ஆறாமல், புதுச்சேரி ஆஸ்பத்திரியில் எடுத்துவிட்டார்கள். அப்படியிருந்தும் நின்றது அந்தப் பக்கம்தான்.

பாத்தி மிதிப்பதென்றால் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மழை ஓய்ந்து தை பிறந்ததும் உப்பளத்துத் தரையைக் கெட்டிப்படுத்த வேண்டும். தரை கெட்டியாக இல்லாவிட்டால் உப்பு வாரும்போது மண்ணும் சேர்ந்து வரும். கறுத்த உப்பை யாரும் வாங்க மாட்டார்கள். அதற்காகக் களிமண்ணை ஈரத்தோடு காலால் மிதித்து, வெயிலில் கொஞ்சம் காயவிட்டு, மறுபடி மிதிப்பார்கள். கையில் ஒரு மூங்கில் கோல், சின்னச் சின்ன அடி, குதிகாலும் விரலும் ஒட்டி ஒட்டி. கடைசி மிதி வரும்போது தரை இறுகிப்போயிருக்கும். கால் உள்ளே போகாது, தடம் மட்டும் மேலாகப் பதியும். அன்றைக்குச் சாயந்திரமே மடையைத் திறந்து உப்புத்தண்ணி விட்டுவிட வேண்டும். விடாமல் வைத்தால் தரை வெடித்துவிடும்.

இந்தக் கடைசி மிதியில்தான் அந்தோணியம்மாள் படம் போடுவாள். போடுவாள் என்றால் தனியாக எதுவும் செய்ய மாட்டாள். மற்றவர்கள் நேராகப் போய்த் திரும்பி நேராக வருவார்கள். இவள் மீன் முள் மாதிரி சாய்த்துச் சாய்த்து மிதிப்பாள். இன்னொரு பாத்தியில் பாய் பின்னல். இன்னொன்றில் அலை மாதிரி வளைத்து வளைத்து. முதலில் பாக்கியத்துக்கு இது எதற்கு என்று புரியவில்லை. கேட்டதற்கு, நேராகவே போய்க்கொண்டிருந்தால் எங்கே மிதித்தோம், எங்கே விட்டோம் என்று கண்ணுக்குத் தெரியாது, படமாகப் போனால் விட்ட இடம் பல்லைக் காட்டும் என்று அக்கா விளக்கம் சொன்னாள். அதுவும் உண்மைதான். அவர்கள் ஜோடி மிதித்த பாத்தியில் உப்பு எப்போதும் சுத்தமாக வரும். ஆனால் அது மட்டுமே காரணம் இல்லை என்று பாக்கியத்துக்குத் தெரியும். மிதித்து முடித்துவிட்டு அக்கா வரப்பில் நின்று தலையைச் சாய்த்துப் பார்க்கிற பார்வையிலேயே அது தெரிந்துவிடும். பார்த்து முடித்ததும் பாக்கியம் மடையைத் திறப்பாள். தண்ணி ஏறி மூடிவிடும். அவ்வளவுதான், அடுத்த பாத்திக்குப் போய்விடுவார்கள்.

மழைக்காலத்தில் அளத்தில் வேலை இருக்காது. அந்த மாதங்களில் ரெண்டு பேரும் ஆரோவில் பக்கம் காகிதம் செய்கிற ஓர் இடத்துக்கு வேனில் போவார்கள். பனியன் துணிக் கழிவைத் தரம் பிரித்துக் கிழித்துப் போடுகிற வேலை. அங்கே மேற்பார்வை பார்த்தவள் சங்கீதா, இந்தப் பக்கத்துப் பெண்தான். சாப்பாட்டு நேரத்தில் அவள் போனில் படம் பார்த்துக்கொண்டிருப்பாள். ஒருநாள் அந்தோணியம்மாளும் எட்டிப் பார்த்தாள்.

அது ஒரு வாட்ஸப் குழு. அதில் பேச்சே கிடையாது. ஆளுக்கொரு பாஷை என்பதால் வார்த்தை எழுதக்கூடாது, படம் மட்டும்தான் என்று ஆரம்பத்திலேயே வைத்துவிட்டார்கள். அதில் இருந்தவர்கள் யாரும் ஓவியம் வரைந்து விற்கிறவர்கள் இல்லை. ஒவ்வொருத்தரும் அவரவர் தினசரி வேலைக்குள்ளேயே ஏதாவது ஒன்றை அழகாகச் செய்து, அது அழிவதற்குள் ஒரு படம் எடுத்துப் போட வேண்டும். போர்ச்சுகலில் ரொட்டி சுடுகிற ஓர் அம்மா மாவின்மேல் பிளேடால் குருவி கீறுவாள்; மத்தியானத்துக்குள் ஊர் அதைத் தின்றுவிடும். ஜப்பானில் ஒரு பெரியவர் வாசலில் பனி தள்ளும்போது மண்வெட்டியாலேயே வரி வரியாகப் போடுவார். மெக்சிகோவில் ஒருத்தி ஓட்டல் மாடியில் துணி காயப்போடும்போது வானவில் மாதிரி நிறம் பார்த்துக் கொடியில் போடுவாள். சாயந்திரம் எடுத்து மடித்துவிடுவாள்.

"இவங்களுக்கெல்லாம் வேற வேலை இல்லையாக்கா?" என்று பாக்கியம் கேட்டாள்.

"வேலை இருக்கறதுனாலதான்டி பண்றாங்க" என்றாள் அந்தோணியம்மாள். அன்றைக்குச் சாப்பாட்டு நேரம் முடிகிறவரைக்கும் போனைத் திருப்பிக் கொடுக்கவே இல்லை.

அக்கா தன் மிதியைப் பற்றிச் சொல்லியிருந்ததால் தை மாதம் சங்கீதா ஸ்கூட்டியில் அளத்துக்கு வந்து பார்த்தாள். பார்த்துவிட்டு அந்தோணியம்மாளைக் குழுவில் சேர்த்துவிட்டாள். அக்காவிடம் மகன் மரியதாஸ் கொடுத்த பழைய போன் இருந்தது. ஆனால் மிதிக்கிறவள் கையும் காலும் சேறாக இருக்கும்போது போனை எப்படித் தொடுவது? அதனால் படம் எடுக்கும் பொறுப்பு பாக்கியத்தின் தலையில் விழுந்தது. கீழே நின்று எடுத்தால் படம் விளங்காது. புடவையை வாரிச் செருகிக்கொண்டு மோட்டார் கொட்டாய் மேலே ஏற வேண்டும். பாக்கியம் கொஞ்சம் பருத்த உடம்புக்காரி. அவள் ஏறும்போதெல்லாம் பக்கத்து அளத்து ஆட்கள் கொட்டாய் தாங்குமா, இல்லை முதலாளி புதுசு கட்ட வேண்டுமா என்று கேலி பண்ணுவார்கள். அவள் மேலே இருந்தே பதில் கொடுத்துவிட்டு எடுப்பாள். சாயந்திர வெயில் சாய்வாக விழும்போது ஒவ்வொரு தடத்துக்கும் ஒரு நிழல் கோடு இருக்கும். அதைப் பார்க்கும்போது அவளுக்கே மனசு நிறைந்துவிடும். பெருமுக்கல் மலைக் கோயிலில் சாமி கும்பிட்டுவிட்டு வெளியே வந்து ஊரைப் பார்க்கும்போது ஒன்று தோன்றுமே, அந்த மாதிரி.

மற்றவர்கள் பேர் அவர்களுக்குத் தெரியாது. இவர்களாகவே ரொட்டியம்மா, பனிக்காரர், கொடிக்காரி என்று வைத்துக்கொண்டார்கள். காலையில் அளத்துக்கு வந்ததும் அக்கா கேட்கிற முதல் கேள்வி, ரொட்டியம்மா இன்றைக்கு என்ன கீறியிருக்கிறாள் என்பதுதான். கொடிக்காரி நாலு நாள் படம் போடவில்லை என்றால் உடம்பு சரியில்லையோ என்று கவலைப்படுவாள். பூசையில் அவளுக்காகவும் ஒரு மெழுகுவத்தி ஏற்றியிருக்கிறாள். பேர் தெரியாமல் எப்படி வேண்டிக்கொண்டாய் என்று பாக்கியம் கேட்டதற்கு, மாதாவுக்குத் தெரியாதா என்ன என்று சொன்னாள்.

இப்படி ரெண்டு வருசம் ஓடியது. மூன்றாம் வருசம் மாசி மாதம் சங்கீதா ஒரு சேதி கொண்டுவந்தாள். குழுவை நடத்துகிறவர்கள், எந்த ஊரில் இருந்தாலும் எல்லோரும் ஒரே நாளில் செய்ய வேண்டும், அந்தப் படங்களை எல்லாம் பெரிய துணியில் அச்சடித்து ஒரு பட்டணத்தில் தொங்கவிடப் போகிறோம் என்று அவளுக்குத் தனியாகச் சொல்லியிருந்தார்கள். குறித்த நாள் ஒரு ஞாயிற்றுக்கிழமை.

அந்தோணியம்மாள் ஞாயிற்றுக்கிழமை அளத்தில் வேலை செய்ய மாட்டாள். அது கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவள் வைத்திருந்த வழக்கம். புருசன் உப்பு லாரியில் லோடு ஏற்றப் போய்ச் செத்த வருசம்கூட, கஞ்சிக்கே வழியில்லாதபோதும், அவள் ஞாயிறு வேலைக்கு வந்ததில்லை. அதனால் பெரிய பாத்தியைச் சனிக்கிழமை மிதித்து முடிப்பது என்று வைத்துக்கொண்டார்கள். பெரிய பாத்தி என்பது பலராமன் குத்தகைக்கு எடுத்திருந்த அளத்திலேயே பெருசு. மற்ற எல்லாப் பாத்தியும் சேர்ந்தாலும் அதில் விளைகிறதில் பாதிதான் விளையும். அந்தப் பாத்தி கெட்டால் வேலை பார்க்கிறவர்களுக்கு அடுத்த நாளே வேறு ஆள் வந்துவிடும். அது ரெண்டு பேருக்கும் தெரியும்.

அன்றைக்கு அவர்கள் போட்டது நத்தை ஓடு மாதிரி ஒரே சுற்று. வரப்போரத்தில் ஆரம்பித்துச் சுற்றிச் சுற்றி நடுவில் போய் முடிய வேண்டும், நடுவில் எங்கேயும் அறுந்து போகக்கூடாது. மத்தியானச் சோறுகூட ஆளுக்கொரு தரம் நின்ற இடத்திலேயே சாப்பிட்டார்கள். பொழுது சாயும்போது நடுவில் போய் நின்றார்கள். திரும்பி வரும்போது சுற்று கெடாமல் இருக்க, போட்ட தடத்திலேயே கால் வைத்து வைத்து வெளியே வந்தார்கள்.

பாக்கியம் கொட்டாய் மேல் ஏறப் போனாள். அக்கா வேண்டாம் என்றாள்.

"நாளைக்குத்தானே நாளு. நாளைக்கு எடுப்போம்."

"இப்ப எடுத்து நாளைக்கு அனுப்பிடலாங்க்கா. நேத்து எடுத்ததுன்னு அவங்களுக்கு எப்படித் தெரியும்?"

"எனக்குத் தெரியும்ல" என்றாள் அந்தோணியம்மாள். பனிக்காரர் அன்றைக்குப் பெய்த பனியைத்தான் தள்ளுவார், ரொட்டியம்மா அன்றைக்குச் சுட்ட ரொட்டியில்தான் கீறுவாள், நாம் மட்டும் பழையதை அனுப்புவதா என்று கேட்டாள். அன்றைய வெயில் விழுந்தாலாவது அது அன்றைய படமாக இருக்கும் என்பது அவள் கணக்கு.

அப்படியென்றால் தண்ணி விட முடியாது. பாக்கியம் காற்றைப் பார்த்தாள். கடல் காற்று நின்று, மேற்கே இருந்து வறண்ட காற்று அடித்துக்கொண்டிருந்தது. சொன்னாள். ஒரு ராத்திரிதானே, பனி இறங்கும், ஈரம் நிற்கும் என்று அக்கா சொன்னாள். பலராமன் திண்டிவனத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார். கேட்க ஆள் இல்லை. அவளுடைய நேர்மையே அன்றைக்கு அவளைத் தப்பு பண்ண வைத்தது. நல்லது கெட்டது பார்த்து நடக்கிற ஒருத்திக்கு வேறு எந்த வழியில் தப்பு வரும்?

ஞாயிற்றுக்கிழமை பாக்கியம் வேலையில்லாத நாளிலும் பஸ் ஏறி வந்தாள். அந்தோணியம்மாள் முதல் பூசை முடித்து வெள்ளைப் புடவையோடு, தலைமுக்காட்டோடு வந்து வரப்பில் நின்றாள். பாக்கியம் மேலே ஏறி எடுத்தாள். அது வரைக்கும் எடுத்ததிலேயே அதுதான் நல்ல படம். பாத்தி முழுக்க ஒரே சுற்று, ஓரத்தில் வெள்ளைப் புடவையில் ஒரு ஆள். அனுப்பினார்கள். மேலே இருந்து இறங்கி வந்தபோது அக்கா படத்தைப் பார்க்கவில்லை, குனிந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வரப்போரம் தலைமயிர் கனத்துக்கு வெடிப்பு ஓடியிருந்தது.

அக்கா வெள்ளைப் புடவையை முழங்காலுக்கு மேலே தூக்கிச் செருகிக்கொண்டு போய் மடையைத் திறந்தாள். அவள் ஞாயிற்றுக்கிழமை அளத்தில் வேலை செய்தது அந்த ஒரு நாள்தான். தண்ணி வந்தது. வந்த தண்ணி வெடிப்பில் இறங்கிக்கொண்டே போனது. சாயந்திரம்வரை ஓடியும் பாத்தி நிறையவில்லை. ஈரம் பட்ட வெடிப்பு ஓரங்கள் கரைந்து பொரிந்து, திங்கட்கிழமை காலையில் நத்தைச் சுற்று இருந்த இடத்தில் மீன் வலையை விரித்த மாதிரி இருந்தது.

பலராமன் வந்தார். சத்தம் போடுகிற ஆள் இல்லை அவர். குத்திப் பேசுகிற ஆள். வரப்பைச் சுற்றி வந்து நின்றார்.

"ஏம்மா, ஒலகத்துக்கே படம் காட்டினீங்களாமே. எனக்குக் கொஞ்சம் உப்பு காட்டுங்க பாப்போம்."

ரெண்டு பேரும் தலை குனிந்து நின்றார்கள். வெள்ளிக்கிழமை சகாதேவன் ஆட்கள் வருகிறார்கள், இனிமேல் பெரிய பாத்தி அவர்கள் கையில், பிடிக்காவிட்டால் மற்றதையும் விட்டுவிட்டுப் போகலாம் என்றார். சகாதேவன் வேறு அளத்தில் நல்ல பேர் எடுத்த மேஸ்திரி. மடையைத் திறப்பது பாக்கியத்தின் வேலைதான், அது அவருக்கும் தெரியும். அவளைப் பார்த்தார். அதற்குள் அந்தோணியம்மாள் முந்திக்கொண்டாள்.

"தெறக்கறேன்னுதாண்ணே சொன்னா. நாந்தான் வேணாம்னேன்" என்றாள். பிறகு கேட்டாள்: "வெள்ளிக்கெழம வரைக்கும் எங்ககிட்டதானே இருக்குது?"

"இருந்து?"

"சரி பண்ணிடறோம்."

அதுவரைக்கும் சும்மா கிடப்பதைவிட யாராவது மிதித்தால் நஷ்டமில்லை என்று பலராமனுக்குப் பட்டிருக்க வேண்டும். "நேரா மிதி. படம் கிடம் கண்ணுல பட்டுச்சுன்னா அன்னியோட சரி" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

மண்வெட்டியை எடுப்பதற்கு முன்னால் அக்கா பாக்கியத்திடம் கொட்டாய் மேலே ஏறச் சொன்னாள். வெடித்த பாத்தியைப் படம் எடுக்க வேண்டுமாம். இந்த அசிங்கத்தையா அனுப்புவது என்று பாக்கியம் கேட்டாள். நேற்று நல்லதைக் காட்டிவிட்டு இன்றைக்கு இதை மறைத்தால் நன்றாக இருக்குமா என்றாள் அக்கா. பாக்கியம் ஏறி எடுத்து அனுப்பினாள். அனுப்பும்போது அவளுக்கு அழுகை வந்தது. உலகத்தில் இருக்கிற தெரியாதவர்கள் எல்லாம் பார்ப்பார்களே என்று இல்லை. பெருமுக்கலிலிருந்து தினமும் வருகிற அந்தப் பஸ் வெள்ளிக்கிழமைக்குப் பிறகு தனக்கு இல்லை என்று நினைத்துத்தான்.

மேல்மண்ணைக் கொத்தி, தண்ணி தெளித்துக் குழைத்து, மறுபடி முதலிலிருந்து மிதித்தார்கள். மூன்று வார வேலையை நாலே நாளில் செய்ய வேண்டும். காய்வதற்கு வெயிலும் காற்றும் ஒத்துழைக்க வேண்டும். பாக்கியம் மனசுக்குள் மலைக்கோயில் சாமியை வேண்டிக்கொண்டே மிதித்தாள். அக்கா உதடு அசைந்துகொண்டே இருந்தது. மாதா செபமாக இருக்கும். உப்புத்தண்ணி பட்ட கால்களில் தோல் உரிந்தது. இந்தத் தடவை நான் வரப்போரம் நிற்கிறேன் என்று பாக்கியம் சண்டை போட்டாள். அந்தோணியம்மாள் கேட்கவில்லை.

"எனக்கு அங்க ஏற்கனவே ஒரு வெரல் கொறச்சல். சிப்பிக்குக் கடிக்க ஆப்பிடாது, போடி" என்றாள்.

புதன்கிழமை மத்தியானம், தார்ப்பாய் நிழலில் சோறு சாப்பிடும்போது பாக்கியம் போனை எடுத்தாள். மூன்று படம் வந்திருந்தது. முதலில் ரொட்டியம்மா. அடுப்புக்கரி மாதிரி கருகிப்போன ஒரு ரொட்டி, அதன்மேல் குருவி இருந்த இடம் மட்டும் கொஞ்சம் தெரிந்தது. அடுத்தது கொடிக்காரி. கொடி அறுந்து வெள்ளைத் துணியெல்லாம் தரையில் கிடக்க, அதன்மேல் நாய் நடந்து போன தடம் வரிசையாக இருந்தது. கடைசியாகப் பனிக்காரர். அவர் போட்ட வரிகள்மேல் கூரையிலிருந்த பனி மொத்தமாகச் சரிந்து விழுந்திருந்தது. மண்வெட்டியின் பிடி மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

பாக்கியம் ஒவ்வொன்றாகக் காட்டினாள். நாய்த் தடத்தைப் பார்த்ததும் அந்தோணியம்மாளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாயில் சோறு இருந்ததால் புரையேறிவிட்டது. பாக்கியம் தலையில் தட்டினாள், தட்டிக்கொண்டே அவளும் சிரித்தாள். "அந்த நாயும் நேராத்தான் மிதிச்சிருக்குது பாரு. அதுக்கும் மொதலாளி சொல்லியிருப்பாரு போல" என்றாள் அக்கா. கண்ணில் தண்ணி வர வர சிரித்துவிட்டு, துடைத்துக்கொண்டு எழுந்து போய் மறுபடி மிதித்தார்கள். அதற்கப்புறம் அந்த வாரம் பாக்கியத்துக்குப் பயம் அவ்வளவாக இல்லை.

வெள்ளிக்கிழமை காலையில் பலராமன் சகாதேவனையும் கூட்டிக்கொண்டு வந்தார். கடைசி மிதி அப்போதுதான் முடிந்திருந்தது. சகாதேவன் பாத்திக்குள் இறங்கி, குதிகாலை அழுத்தி அழுத்திப் பார்த்தார். நடுவில் போய் மறுபடி அழுத்தினார். கால் இறங்கவில்லை. "இதுல எங்களுக்கு வேலை இல்லண்ணே. ரெண்டு ஆள வெச்சு இதத் திரும்பவும் கெடுக்கணும்னா சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு வரப்பில் ஏறி பீடி பற்றவைத்துக்கொண்டார்.

பலராமன் அவசரப்படவில்லை. ஒவ்வொரு வரிசையாகப் பார்த்துக்கொண்டு வந்தார். நேர்க்கோடு. பாக்கியத்தின் வரிசைக்குப் பக்கத்தில் அக்காவின் வரிசை. ஓர் இடத்தில் நின்றார்.

"நேரா மிதின்னுதானே சொன்னேன். இந்த வரிசையில மட்டும் ஒரு அடி விட்டு ஒரு அடி ஓரத்துல பொக்கு பொக்குன்னு விட்டிருக்குதே, இது என்ன டிசைன்?"

"அது படம் இல்லண்ணே" என்றாள் அந்தோணியம்மாள். "அந்தக் காலுல வெரல் இல்ல."

பலராமன் அவள் காலைப் பார்த்தார். பல வருசமாகத் தன் அளத்தில் வேலை செய்கிறவள் காலை அவர் அப்போதுதான் பார்த்தார் என்று பாக்கியத்துக்குத் தோன்றியது. துண்டை எடுத்துக் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். "தண்ணிய விடுங்க" என்று சொல்லிவிட்டு வண்டியைப் பார்த்து நடந்தார். பாக்கியம் ஓடிப் போய் மடையைத் திறந்தாள். தண்ணி நிறைந்து நின்றது. எங்கேயும் இறங்கவில்லை. அவள் அங்கேயே நின்று பெருமுக்கல் இருக்கிற திசையைப் பார்த்துக் கும்பிட்டாள்.

அந்தப் பாத்தியில் முதல் உப்பு வாரியபோது பலராமன் ஒரு கை அள்ளிப் பார்த்தார். மண் இல்லை. போகிற போக்கில், அடுத்த பாத்தியில் படம் போடுவதென்றால் போட்டுக்கொள்ளுங்கள், ஆனால் சாயந்திரத்துக்குள் தண்ணி ஏறிவிட வேண்டும், வெயிலுக்கு ஞாயிறு திங்கள் தெரியாது என்று சொல்லிவிட்டுப் போனார். அதுதான் அவர் கொடுத்த அனுமதி. அதற்கப்புறம் அவர்கள் அதை ஒருநாளும் மீறவில்லை. பெரிய துணியில் அச்சடித்த படங்களைத் தொங்கவிட்ட இடத்தைச் சங்கீதா போனில் காட்டினாள். நத்தைச் சுற்றும், பக்கத்திலேயே வெடித்த பாத்தியும் இருந்தன. கருகின ரொட்டியும் நாய்த் தடமும்கூட இருந்தன. அக்கா பார்த்துவிட்டு, புடவையை இன்னும் கொஞ்சம் நன்றாகக் கட்டியிருக்கலாம் என்று மட்டும் சொன்னாள்.

அதற்குப் பிறகு நாலு பருவம் வேலை செய்தாள். அஞ்சாம் வருசம் பாதத்தில் வந்த ஒரு புண் ஆறவே இல்லை. உப்புத்தண்ணியில் இனிமேல் கால் வைக்கக்கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். மரியதாஸ் ஓசூரில் ஒரு கம்பெனியில் வேலையில் இருந்தான். வந்து கூட்டிக்கொண்டு போனான். அங்கே போயும் அவள் சும்மா இல்லை. மருமகள் தோசை ஊற்றும்போது கரண்டியைத் தான் வாங்கி, ஒரே சுற்றாகச் சுற்றி, படம் எடுத்துக் குழுவில் போடுவாளாம். மறுவருச மழைக்காலத்தில் அங்கேயே இறந்துபோனாள். அங்கேயே அடக்கம் செய்தார்கள். மழையில் பஸ் கிடைக்காமல் பாக்கியத்தால் முகம் பார்க்க முடியவில்லை.

தை மாதம் பாக்கியம் புது ஜோடியோடு பெரிய பாத்தியை மிதித்தாள். தானாகவே வரப்போரம் போய் நின்றாள். நத்தைச் சுற்றைப் போட்டு, கொட்டாய் மேல் ஏறி, சங்கீதா குழுவில் சேர்த்துவிட்டிருந்த தன் போனில் எடுத்து அனுப்பினாள். குழுவில் எழுதக்கூடாதே, அதனால் அக்கா இல்லை என்று எழுதவில்லை. அந்தத் தடத்தில் எல்லா விரலும் இருப்பதைப் பார்த்து அவர்களுக்குப் புரிந்ததோ என்னவோ. பனிக்காரர் மட்டும் அன்றைக்கு வாசலில் பாதிப் பனியைத் தள்ளாமல் அப்படியே விட்டு ஒரு படம் போட்டிருந்தார்.

பாக்கியமும் அக்காவும் கடைசியாகப் பார்த்துக்கொண்டது மரக்காணம் பஸ் ஸ்டாண்டில், அக்கா ஓசூருக்குக் கிளம்பிய அன்றைக்கு. மரியதாஸ் பையை ஏற்றிக்கொண்டிருந்தான். அந்தோணியம்மாள் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள், கட்டுப் போட்ட காலைப் பக்கத்து சீட்டில் நீட்டியிருந்தாள். பாக்கியம் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வண்டி நகரும்போது அக்கா கையை வெளியே நீட்டி அவள் கையைத் தட்டினாள்.

"வரப்போரம் நிக்கறப்ப காலுல துணி சுத்திக்கடி, என்னைய மாதிரி நிக்காத. படம் எடுத்த கையோட தண்ணிய விட்டுடு."